ஒப்புதல்: லிபியா ஐசக்

ஓசூர்,
18 ஆகஸ்ட் 2024

மரியே வாழ்க!

அன்புத் தம்பி மேக்ஸ்வெல்லுக்கு அக்கா எழுதுவது. இங்கே நலம். நீயும் உன் பீன்ஸ் பாத்திகளும் நலமா?

செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாத துறவற மடத்தில் நீ சேர்ந்ததால், இருபத்து நாலு வயதில் முதல்முறையாகத் தபால் தலை வாங்கினேன். வரும் கடிதங்களை உங்களுக்குத் துறவறப் பயிற்சி தரும் நோவிஸ் மாஸ்டர் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பாராம், அப்பா சொன்னார். ஆகவே ஃபாதருக்கும் என் வணக்கம். அவருடைய உடல்நலத்தையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இவர்களுக்கும் ஒப்பந்தம். எம்.இ. டிசைன் இரண்டாம் ஆண்டு முழுவதும், ஏப்ரல் முப்பது வரை, நான் இங்கே பயிற்சியாளர். இறுதி மதிப்பெண்ணில் பாதி இவர்கள் கையில். கேண்டீனில் ஊழியர் வரிசையில் நின்றால், "நீங்க ஸ்டூடண்ட்மா, அந்தப் பக்கம்" என்கிறார்கள். கல்லூரிக்குப் போன் செய்து லீவு கேட்டால், "நீ இப்ப கம்பெனி ஆளு" என்கிறார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று சாப்பிடுகிறேன்.

இங்கே செய்வது மாம்பழக் கூழ் ஆலைகளுக்கான மெஷின்கள். மேல்வாயில் பழத்தைக் கொட்டினால், உள்ளே இரும்புத் துடுப்புகள் சுற்றி, சதை ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக வரும். மேலாளர் பிரதாப் சார் தினமும் பெங்களூரிலிருந்து வருகிறார். ஜூஜுவாடி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டும் சிரித்துக்கொண்டே வருகிறார். முதல் நாளே சொன்னார்: "மத்த எடத்துல ட்ரெய்னிய டீ வாங்க அனுப்புவாங்கம்மா. நம்மகிட்ட ஃபுல் ஓனர்ஷிப். டிராயிங் உங்களுது."

என் மேசை இழுப்பறையில் போன வருடப் பயிற்சியாளர் தமிழரசனின் அடையாள அட்டை, கழுத்துப் பட்டியோடு கிடந்தது. பிரதாப் சாரிடம் கொடுத்தேன். "அவரு கொஞ்சம் அவசரமா போயிட்டாரு" என்று சிரித்தபடி குப்பைக்கூடையில் போட்டார்.

மழையில் நனையாதே. உனக்குத் தொண்டை கட்டும்.

அக்கா,
லிபியா

*

ஏற்காடு,
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். பீன்ஸில் பூச்சி. ஃபாதர் உன் விசாரிப்புக்கு நன்றி சொன்னார். முட்டிவலி பாதி குறைந்திருக்கிறதாம்.

நானும் பயிற்சியாளன்தான். போன வாரம் ஜன்னல் துடைக்கச் சொன்னார். துடைத்தாயிற்று ஃபாதர் என்றேன். "ஜன்னலுக்காகவா சொன்னேன்?" என்றார். மறுபடி துடைத்தேன். இங்கே படிப்பது முழுக்க கீழ்ப்படிதல். மற்ற பாடங்கள் எல்லாம் அதற்கு அடிக்குறிப்பு.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள். வருவது எல்லாம் மாஸ்டர் அறை அலமாரியில், பிரிக்காமல் காத்திருக்கும். நாங்களும் எழுதக் கூடாது. மற்ற மாதங்களில் ஒரு கடிதம் எழுதலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி? தமிழரசன் எங்கே போனான் என்று நீ கேட்கவில்லையா?

அன்புத் தம்பி,
மேக்ஸ்

*

ஓசூர்,
2 நவம்பர் 2024

அன்புள்ள மேக்ஸ்,

நலம். அம்மாவுக்குச் சர்க்கரை நலமாக இருக்கிறது, அம்மாதான் களைத்திருக்கிறாள். அப்பா நலம். ஊரும் நலம்.

உனக்கு ஒரு பாடம். எந்த டிராயிங்கிலும் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். உலகம் முழுவதும் மூன்றாவது கட்டத்தில் தலை நரைத்தவர்தான் கையெழுத்துப் போடுவார். மெஷின் யாரையாவது கடித்தால் விசாரிக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

இங்கே அதில் என்னைப் போடச் சொல்கிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பழைய டிராயிங் ஒன்றைத் தேடி ஆவண அறைக்குப் போனேன். ஐந்து வருடத்து டிராயிங்குகளைப் புரட்டினேன். மூன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பெயர். எல்லாம் பயிற்சியாளர்கள். ஐந்து வருடத்தில் கம்பெனி ஊழியர் ஒருவர்கூட எதற்கும் ஒப்புதல் தந்ததில்லை. நிறுவனம் தானாகவே ஓடியிருக்கிறது, திராட்சைக்கொடி மாதிரி.

பிரதாப் சாரிடம் கேட்டேன். "அதாம்மா ஓனர்ஷிப்பு" என்றார்.

தமிழரசனின் நம்பர் கிடைத்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் அப்பாவோடு மாந்தோப்பு பார்க்கிறான். "எந்த டிராயிங்க பத்தி வேணா கேளுங்க, நான் கடைசியா போட்டத பத்தி மட்டும் கேக்காதீங்க. நான் நல்லா இருக்கறன்" என்றான். கேட்காமலே மூன்று முறை நல்லா இருக்கறன் என்றான்.

இன்று கல்லறைத் திருநாள். தாத்தா கல்லறைக்குப் போக முடியவில்லை. நீ அங்கிருந்தே ஒரு மெழுகுவத்தி ஏற்று.

லிபியா

*

ஏற்காடு,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். குடில் கட்டும் வேலை எனக்கு. ஒட்டகம் ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது, படுக்க வைத்துவிட்டேன்.

தமிழரசன் எத்தனை முறை நல்லா இருக்கிறேன் என்றான் என்று எண்ணியிருக்கிறாய். உன் கடிதத்தின் முதல் வரிகளில் நான்கு நலம் இருக்கிறது. நானும் எண்ணினேன்.

கவனமாக இரு.

மேக்ஸ்

*

ஓசூர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மேக்ஸ்,

ஒரே ஒரு நலம், போதுமா?

சீசன் நெருங்குவதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஐந்து வாரமாகப் பூசைக்குப் போகவில்லை. மறுத்துப் பார்த்தேன். "அட்டெண்டன்ஸ் மார்க் இருக்குதே லிபியா, கடவுள் புரிஞ்சிக்குவாரு, யுனிவர்சிட்டி புரிஞ்சிக்காது" என்றார் பிரதாப் சார். இறையியலில் அவருக்கு இவ்வளவு பிடிப்பு உண்டு என்று தெரியாது.

அம்மா சனிக்கிழமைதோறும் போன் செய்து, "நாளைக்குப் பூச எத்தன மணிக்குடி?" என்கிறாள். நான் நேரத்தை மட்டும் சொல்கிறேன், போவதாகச் சொல்வதில்லை. இது பாவமா? மேலதிகாரி சொன்னதால் செய்வது யார் கணக்கில் போகும்? மாஸ்டரிடம் கேட்டு எழுது.

லிபியா

*

ஓசூர்,
28 பிப்ரவரி 2025

அன்புள்ள மேக்ஸ்,

உன் பதில் வருவதற்குள் அடுத்த கடிதம். சாம்பல் புதனுக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையை மற. அது சின்ன விஷயம்.

மெஷினின் மேல்வாயில் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் துடுப்புகள் உடனே நிற்க ஒரு சுவிட்ச். அது இல்லாத மெஷினை எங்கள் பாடப்புத்தகத்தில் மெஷின் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் மாம்பழம் வாயில் அடைத்துக்கொள்ளும். ஆட்கள் மூடியைத் திறந்து கையால் தள்ளுவார்கள். திறக்கும்போதெல்லாம் நின்று, மறுபடி ஓட நான்கு நிமிடம் ஆகிறது. ஆலைக்காரர்களுக்கு அந்த நான்கு நிமிடம் பிடிக்கவில்லை.

திருத்திய டிராயிங் வந்திருக்கிறது. சுவிட்ச் இல்லை. வரைந்தவர் கட்டத்தில் ஒரு கம்ப்யூட்டரின் பெயர். சரிபார்த்தவர் கட்டம் காலி. மூன்றாவது எனக்கு. பிரதாப் சாரிடம் போனேன்.

"சார், கைய உள்ள விட்டா துடுப்பு இழுத்துக்கும் சார்."

"ஏன் விடணும்? விடாதீங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டறமில்ல? மூணு பாஷைல."

"சுவிட்ச எடுத்தா நீங்களே போடுங்க சார் கையெழுத்து."

சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "நான் போட்டா அது கம்பெனி டிராயிங் ஆயிடும்மா. நீ போட்டா ரிசர்ச்சு. பதினஞ்சாம் தேதிக்குள்ள போடு. இல்லன்னா உன் ப்ராஜெக்ட் முடியலன்னு எழுத வேண்டி வரும், எனக்கே கஷ்டமா இருக்கும்."

தமிழரசனைக் கூப்பிட்டேன். "போட்டுட்டீங்களா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எனக்கு ஏன் போன் பண்றீங்க? போடாதவங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று வைத்துவிட்டான்.

போட்டால் யாருடைய கையாவது போகும். போடாவிட்டால் என் இரண்டு வருடமும், என் படிப்புக்கு அப்பா விற்ற நிலமும் போகும். போடட்டுமா, வேண்டாமா? ஒரே வரி போதும். நீ சொல்வதைச் செய்கிறேன்.

லிபியா

*

ஏற்காடு,
4 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம். நாளை சாம்பல் புதன். கடைசித் தபால் போகும் அவசரத்தில் எழுதுகிறேன்.

நீ கேட்டதை மாஸ்டரிடமே கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவள் தன் விருப்பத்தால் செய்யவில்லை. மேலே இருப்பவர் சொல்லிச் செய்வது சொன்னவர் பொறுப்பு. மனதைப் போட்டு குழப்பாமல் சொன்னதைச் செய்யச் சொல்." எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நிம்மதியாக இரு.

ஈஸ்டருக்குப் பிறகு எழுதுகிறேன். நோன்பு நாளில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

மேக்ஸ்

*

ஓசூர்,
23 மார்ச் 2025

அன்புள்ள மேக்ஸ்,

இது ஈஸ்டர் வரை அலமாரியில் கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. மூன்று முறை படித்தேன். ஒரு வரி கேட்டேன், நீ ஒரு ஃபாதரையே அனுப்பியிருக்கிறாய். பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிரதாப் சார் கேக் வெட்டினார். ஒரே டிராயிங்கில் பதினொரு மெஷின். பங்குனி முடிவதற்குள் எல்லாம் லாரி ஏறும்.

அப்பாவுக்கு வெகுநாளாக என் கையெழுத்துப் போட்ட டிராயிங் ஒன்று வேண்டும். ஒரு பிரதி எடுத்துப் போனேன். லேமினேட் செய்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம், "எம்பொண்ணு ஒப்புதல் குடுத்தாதான் இந்த மெஷினே ஓடும்" என்கிறார். அது உண்மைதான்.

லிபியா

*

ஏற்காடு,
21 ஏப்ரல் 2025

அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகளை அடுத்த முறை எழுதுகிறேன். இன்று காலை உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகத் தந்தார்கள். 28ஆம் தேதிக் கடிதம் மார்ச் ஆறாம் தேதி வந்து, நாற்பத்தாறு நாள் அலமாரியில் இருந்திருக்கிறது.

மார்ச் நாலாம் தேதி நான் எழுதியது உன் பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு. மாஸ்டர் பதில் சொன்னதும் பூசைக்கு. சுவிட்சைப் பற்றி எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

ஃபாதர் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, "என்னிடம் எந்தக் கேள்வி வந்தது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறாய். டிராயிங்கை மாற்று. மெஷின் போன இடத்துக்கு ஆள் அனுப்பு. கெஞ்சு. என்ன வேண்டுமானாலும் செய்.

மேக்ஸ்

*

கிருஷ்ணகிரி,
14 மே 2025

அன்புள்ள மேக்ஸ்,

உன் கடிதம் ஏப்ரல் 25 அன்று கிடைத்தது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே படித்தேன்.

மறுநாள் பிரதாப் சாரிடம் போய், ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். "குடுத்தத திரும்ப எடுக்க ஒரு ஃபார்ம் இருக்குதும்மா. நிரப்பு." நிரப்பினேன். கீழே ஒப்புதல் கட்டம் இருந்தது. அதையும் நானே போட்டேன். "இது நாலு வாரம் ஆகும், ப்ராஸஸ்" என்றார். ஏப்ரல் முப்பது மாலை என் லாகினை மூடினார்கள், நம் வீட்டுக்கே வந்துவிட்டேன். கல்லூரியில் சொன்னேன். "அது கம்பெனியோட உள்விவகாரம்மா" என்றார் துறைத்தலைவர். கம்பெனிக்குப் போன் செய்தால், "நீங்க யுனிவர்சிட்டி மூலமா வாங்க" என்கிறார்கள். பழைய கேண்டீன் வரிசைதான்.

பதினொன்றில் ஒரு மெஷின் எங்கே போனது என்று லாரி டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு கூழ் ஆலை. போனேன். ஓடிக்கொண்டிருந்தது. கெம்பம்மா என்று ஐம்பது வயது அம்மாள் மூடியைத் தூக்கி, முழங்கை வரை உள்ளே விட்டுப் பழத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கைய விடாதீங்கம்மா!"

"ஐயோ தாயி, விடாம எப்பிடி? வாயிலயே நின்னுக்குது பாரு."

"மூடியத் தொறந்தா மெஷின் நிக்கணும்மா."

"நிக்கும், பழைய சனியன். தொறந்தா நின்னுக்கும், சூபர்வைசர் எங்கள திட்டுவாரு. இது நல்ல மெஷினு, நிக்கறதே இல்ல. யாரோ பொம்பளப் புள்ள பண்ணதாமே, லாரிக்காரரு சொன்னாரு. புண்ணியவதி, நல்லா இருக்கட்டும்."

மூன்று பாஷை ஸ்டிக்கரைக் காட்டினேன். அதன் மேல் தன் சேலைத் தலைப்பைத் தொங்கவிட்டிருந்தார், ஈரம் உலர.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். டிராயிங் பிரதியைக் கம்பெனி தராது. இருப்பது ஒன்றுதான். நேற்று அப்பா பூசைக்குப் போன நேரத்தில் சுவரிலிருந்து எடுத்தேன். அவர் திரும்பி வந்து வெற்று ஆணியைப் பார்த்தார். "தூசி தட்டவா எடுத்த?" என்றார். ஆமாம் என்றேன்.

மனு இன்னும் என் பையில் இருக்கிறது. அனுப்பினால் கம்பெனி மதிப்பெண் வராது. அந்தத் தாளில் இருக்கும் ஒரே மனிதப் பெயர் என்னுடையது. உன்னிடம் இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

லிபியா

*

ஏற்காடு,
24 மே 2025

அன்புள்ள அக்கா,

கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன். தேதியையும் கேள்வியையும் சேர்த்தே எழுதுகிறேன்: மே 14 கடிதத்தில் உள்ள மனு பற்றி. தபாலில் போடு. அந்தத் தாளில் உன் பெயர் மட்டும்தான் என்றால், அது தவறு என்று சொல்லவும் உன்னால் மட்டும்தான் முடியும்.

எனக்கு ஜூன் பதிமூன்றில் முதல் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி. கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ஃபாதர். தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. கிருஷ்ணகிரி வர அனுமதி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் உண்மையைச் சொல்.

மேக்ஸ்

*

கிருஷ்ணகிரி,
9 ஜூன் 2025

அன்புள்ள மேக்ஸ்,

உன் கடிதம் வந்த அன்றே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அப்பாவிடமும் சொன்னேன். ஆணியைப் பிடுங்கிவிட்டார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மனு பதிவாகியிருக்கிறது. "மேற்படி இயந்திரத்துக்கு ஒப்புதல் அளித்த பொறியாளர் என்ற முறையில்" ஜூலை 21 அன்று நான் விளக்கத்தோடு ஆஜராக வேண்டும். அதற்குள் சீசன் முடிந்து, மரத்தில் இலைதான் இருக்கும். என் வாய்மொழித் தேர்வைக் கல்லூரி தள்ளிவைத்திருக்கிறது, கம்பெனி மதிப்பெண் வரவில்லையாம். பிரதாப் சார் ஒரு முறை போன் செய்தார். ஆகஸ்டில் புதிதாக வருகிற தர்ஷினி என்ற பெண், என் மேசையில் ஏதாவது விட்டுப் போனேனா என்று கேட்கச் சொன்னாளாம். நான் நல்லா இருக்கிறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை வரை காத்திருக்க முடியவில்லை. போன திங்கட்கிழமையிலிருந்து அந்த ஆலையில் சீசன் கூலியாக வேலை செய்கிறேன். படிப்பு என்னவென்று கேட்டார் சூபர்வைசர் மாரிசாமி. எட்டாவது என்றேன். அதற்கு மேல் படித்தவர்களை எடுப்பதில்லை, கேள்வி கேட்பார்களாம்.

பெயருக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மூடியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிச் சுவரில் இருக்கிறது. துடைப்பத்தோடு அதன் அருகிலேயே நிற்கிறேன். கெம்பம்மா மூடியில் கை வைத்தால் அழுத்துகிறேன். துடுப்பு நிற்கிறது. அவர் தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் ஓட விடுகிறேன். எடுத்துவிட்ட அந்தச் சுவிட்ச் இப்போது நான்தான்.

முந்தாநாள் மாரிசாமி கத்தினார்: "யாருடி அது, அடிக்கடி நிக்குது?"

"கரண்டு சார்" என்றார் கெம்பம்மா. மாரிசாமி போனதும் என் பக்கம் திரும்பி, "ஏன் தாயி, நீதான் அந்தப் புண்ணியவதியா?" என்றார். நான் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் மூடியைத் தூக்குவதற்கு முன் இப்போது என் முகத்தைப் பார்க்கிறார்.

என் ஷிஃப்ட் ஐந்து மணிக்கு முடிகிறது. அடுத்த ஷிஃப்டில் மூடிப் பக்கம் லாவண்யா என்ற பெண், பொத்தான் பக்கம் யாரும் இல்லை. அவளிடம் சொல்லியிருக்கிறேன். சரிக்கா சரிக்கா என்றாள், காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பத்து மெஷின்கள் எந்தெந்த ஊரில் ஓடுகின்றன என்று கம்பெனி ஏட்டில் இருக்கும். எனக்கு லாகின் இல்லை.

ஃபாதர் யோசித்து முடித்து அனுமதி தந்தால், உடனே வா. இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். எட்டாவது என்று சொல்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? ஃபாதரின் முட்டிக்கு என் விசாரிப்பு.

இன்று மாலை ஐந்து மணி வரை இங்கே எல்லோரும் நலம்.

அக்கா,
லிபியா